அக்காள் வீட்டு எண்ணெய்ச் சட்டி

அக்காள் எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. முதல் திதிக்கு வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், லயத்து வரிசை வீடுகளின் மக்களுக்கும், குளுவாங்கிலிருந்து சிரமம் பாராமல் வந்திருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காளுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை எழுத வேண்டியதைத் தம்பியாகிய நான் எழுதுகிறேன். ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குவது என் வேலை. அளவு பிசகாமல் செய்து பழகியவன் ஆகையால், நடந்ததை நடந்தபடியே எழுத முயல்கிறேன். இப்படிப்பட்ட மலர்களில் வழக்கமாக இருக்கும் புகழ்மொழிகள் இதில் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காள் பிறந்தது திருச்சி ஜில்லாவில், முசிறிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா பிறர் நிலத்தில் உழுதவர். மழை தவறிய காலத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க ஊருக்கு வந்த கங்காணி ஒருவரின் பேச்சை நம்பி, அப்பா, அம்மா, அக்காள், நான் ஆகிய நால்வரும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். சிங்கப்பூரில் இறங்கி, கடலைத் தாண்டி ஜொகூருக்குள் வந்து, குளுவாங் வரை ரயிலிலும் அங்கிருந்து கால்நடையாகவும் இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். அப்போது இங்கே ரப்பர் மரங்கள் என் உயரம்கூட இல்லை. காட்டை எரித்த கரி இன்னும் தரையில் கிடந்தது. அம்மா முதல் மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போனார். அடுத்த மழைக்காலத்தில் அப்பா போனார்.

அம்மாவுக்குக் காரியம் முடியும்வரை எங்கள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. குழம்புக்குத் தாளிப்பும் இல்லை. கருமாதி அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து சட்டியை வைத்து, எண்ணெய் ஊற்றி, வடை சுட்டு எங்களுக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் துக்கம் கழிந்ததாகக் கணக்கு. பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். நம்மவர் வழக்கத்தில், சாவு விழுந்த வீட்டில் காரியம் முடியும்வரை எதையும் எண்ணெயில் போட்டுப் பொரிக்க மாட்டார்கள். துக்கம் காப்பவர் எண்ணெய்ப் பண்டத்தை வாயில் வைக்கவும் மாட்டார். அக்காளின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இந்த ஒரு வழக்கத்தைத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

பெற்றோர் போன பிறகு என்னை வளர்த்தவர் அக்காள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நாள் முழுவதும் களை வெட்டிவிட்டு வந்து, எனக்குச் சோறு ஆக்கிப் போட்டார். நான் காட்டு வேலைக்கு வருகிறேன் என்று சொன்னபோதெல்லாம் மறுத்துவிட்டார். தோட்டத்துப் பள்ளியில் எழுதப் படிக்க வைத்து, தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் ஐயாவிடம் தாமே போய்ப் பேசி, ஆஸ்பத்திரி வேலையில் என்னைச் சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகுதான் தம் கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டார்.

அத்தான் இதே தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர். நெட்டையான மனிதர். எதையும் வேடிக்கையாகப் பேசுவார். அவருக்குச் சம்பளம் வாங்கிய பின் வரும் ஞாயிற்றுக்கிழமை பஜ்ஜி வேண்டும். வீட்டுக்குப் பின்னால் வாழையும் கத்தரியும் போட்டிருந்தார்கள். கடலை மாவும் தேங்காய் எண்ணெயும் கடையிலிருந்து வரும். அக்காள் வாழைக்காயை நீளவாக்கில் மெல்லியதாகச் சீவி, கறுக்காமல் இருக்க உப்புத் தண்ணீரில் போடுவார். கடலை மாவில் கொஞ்சம் அரிசி மாவு, மிளகாய்த் தூள், உப்பு, பெருங்காயம் சேர்த்துக் கரைப்பார். காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து அந்த மாவில் ஊற்றிக் கலக்குவார். பிறகு ஒரு சொட்டு மாவைச் சட்டியில் விடுவார். அது அடிக்குப் போய் உடனே மேலே வந்தால்தான் காயைப் போடுவார்.

கல்யாணமான புதிதில் மாவு கெட்டியாகிவிடும். அத்தான் ஒரு பஜ்ஜியைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"ஏம்மா, வாழைக்காய்க்குக் கோட்டு மாட்டிவிட்டிருக்கே? இது என்ன தொரை வீட்டு வாழைக்காயா? லயத்து வாழைக்காய்க்கு ஒரு சட்டை போதும்."

"சட்டையோட போட்டா எண்ணெயில குளிராதா அதுக்கு?" என்பார் அக்காள்.

அதற்குப் பின் அக்காளின் மாவு என்றும் மெல்லியதாகவே இருந்தது. உள்ளே இருக்கும் காயின் நிறம் தெரியும்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, நடக்கத் தொடங்குமுன் இறந்துபோயிற்று. அக்காள் அழுது ஓய்ந்தார். அத்தான் அழவில்லை. வீட்டுக்குள் தங்குவதைக் குறைத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் காஹாங் பக்கம் புதுக்காடு வெட்ட ஆள் எடுத்தார்கள். அத்தான் பெயர் கொடுத்துவிட்டார். "சம்பள ஞாயித்துக்கெல்லாம் வந்துருவேன். நீ சட்டிய வெச்சுக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி முதல் சம்பளத்துக்கு வந்தார். இரண்டாம் சம்பளத்துக்கும் வந்தார். திரும்பும்போதெல்லாம் அக்காள் வாழையிலையில் பஜ்ஜிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மூன்றாம் சம்பளத்துக்கு அத்தான் வரவில்லை. அக்காள் எண்ணெயைக் காயவைத்துக்கொண்டு பாதையைப் பார்த்திருந்தார். பிறகு காயைச் சீவிப் போட்டு, சுட்டதை லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

நான் லீவு கேட்டுக்கொண்டு காஹாங் போனேன். வெட்டிய காட்டை எரித்திருந்தார்கள். ஆட்கள் தங்கிய கொட்டகைகளும் அத்தோடு எரிந்திருந்தன. அங்கே கடுங்காய்ச்சல் பரவி, கூலிகள் சிதறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பக்கத்து மலாய்க் கிராமத்தில் ஒரு பெரியவர், ஆற்றோரத்தில் சிலரைப் புதைத்த இடத்தைக் கையால் காட்டினார். மண் மேட்டின் மேல் புல் முளைத்திருந்தது. யார் யார் என்று அவருக்குத் தெரியாது. ஆட்களைக் கூட்டிச் சென்ற கங்காணி எங்கே போனார் என்றும் ஒருவருக்கும் தெரியவில்லை. தப்பியவர்களில் சிலர் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டதாகப் பேச்சு. முசிறிக்கு எழுதினேன். அங்கே வரவில்லை என்று பதில் வந்தது. திரும்பி வந்து, பார்த்ததை எல்லாம் அக்காளிடம் சொன்னேன்.

"நீ அவரப் பாத்தியா?"

"இல்லக்கா."

"அப்ப சரி" என்று சொல்லி, அக்காள் அரிசி களையப் போனார்.

அடுத்த சம்பள ஞாயிற்றிலும் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிற்று. அதற்கடுத்த மாதமும் ஏறிற்று. லயத்தில் பலவாறாகப் பேசினார்கள். புருஷன் காணாமல் போன பெண்ணுக்குப் பலகாரம் ஒரு கேடா என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் லயத்துக் கங்காணியின் மனைவி, நல்ல மனத்தோடுதான், ஒரு நாள் வீட்டுக்கு வந்து பேசினார். என் மனைவியும் நானும் அப்போது அங்கே இருந்தோம்.

"இந்தாம்மா, ஒரு முடிவுக்கு வா. தர்ப்பையில உருவம் கட்டிக் கொளுத்தி காரியத்தச் செஞ்சிருவோம். அந்த மனுஷனுக்கு ஒரு வாய்த் தண்ணியாவது போய்ச் சேரட்டும்."

"உசிரோட இருந்தா?"

"உசிரோட இருக்கிறவன் இத்தன நாளா வராமயா இருப்பான்?"

"வராம இருக்கிறவங்க எல்லாம் செத்துட்டாங்களா? உங்க தம்பி ஊருக்குப் போயி வரவே இல்லையே. அவருக்குக் கருமாதி பண்ணிட்டீங்களா?"

கங்காணியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கு எம்மவளுக்கு வளைகாப்பு வெச்சிருக்கேன். நீ வந்து நின்னா, வளையல் போடச் சொல்றதா, வேணாங்கிறதா? நாங்க என்னதான் பண்ணட்டும், சொல்லு."

அக்காள் அந்த வளைகாப்புக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு தோட்டத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் முன்வரிசையில் போய் நின்றதில்லை. ஆனால் நெற்றியில் குங்குமம் இருந்தது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு எண்ணெய் காயும் வாசனை லயத்தின் கடைசி வீடு வரை போயிற்று. அந்த வீட்டில் சாவு விழவில்லை என்பதை அக்காள் இப்படித்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரப்பர் விலை விழுந்த காலத்தை இந்த மலரைப் படிக்கும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டுவிட்டார்கள். குடும்பம் குடும்பமாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அக்காளையும் கூப்பிட்டு, இலவசமாகக் கப்பலில் அனுப்புவதாகச் சொன்னார். "நான் போயிட்டா, அவர் வந்து எந்த வீட்டுக் கதவத் தட்டுவார்?" என்று அக்காள் கேட்டார். கிராணி என்னைப் பார்த்தார். களை வெட்டும் ஆளாகக் குறைந்த கூலிக்கு அக்காள் தங்கிக்கொண்டார். வீட்டுக் கூரை ஒழுகிற்று. மரவள்ளிக் கிழங்குதான் பெரும்பாலும் சாப்பாடு. கடலை மாவு வாங்க வழியில்லாத மாதங்களில், அரிசி மாவில் மரவள்ளி மாவைக் கலந்து கரைத்தார். அது மொறுமொறுப்பாக வராமல் சவ்வு போல இழுக்கும். சட்டி நிறைய எண்ணெய் ஊற்ற முடியாதபோது, பெரிய இரும்புக் கரண்டியில் எண்ணெய் விட்டு, அடுப்பின் மேல் கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டாகச் சுட்டார். ஒரு மாதமும் விடவில்லை.

விலை கொஞ்சம் ஏறி, தோட்டம் மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கிய நேரத்தில்தான் முன்பின் தெரியாத ஒரு மனிதர் வந்தார். அன்று சம்பள ஞாயிறு. பிற்பகல். நானும் என் மனைவியும் போயிருந்தோம். வாழைக்காய் முடிந்து கத்தரிக்காய் சட்டியில் இருந்தது. வாசலில் ஒருவர் தயங்கி நின்றார். வேலை தேடி வந்தவர் போல இருந்தார். அத்தான் பெயரைச் சொல்லி, இதுதான் வீடா என்று கேட்டார். அக்காள் உட்காரச் சொன்னார்.

"காஹாங்குல அவருக்குப் பக்கத்துக் கொட்டாயில இருந்தேம்மா. பஜ்ஜிப் பொட்டலம் கொண்டாருவாரு. எங்களுக்கும் குடுப்பாரு. லயத்து வாழைக்காய் பாருங்க, சட்டதான் போட்டிருக்குன்னு சொல்லுவாரு."

அக்காள் அடுத்த துண்டை மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டார். "அப்பறம்?"

"அப்பறம் காச்சல் வந்துச்சு. படுத்தவங்கள எல்லாம் ஆத்தோரக் கொட்டாய்க்குக் கொண்டு போனாங்க. அங்கயே நாலஞ்சு பேரப் பொதச்சுட்டாங்கன்னு சொன்னாங்க. அதுல இவரும் ஒருத்தர்னு..."

"நீங்க பாத்தீங்களா?"

"நா பாக்கலம்மா. நானும் காச்சல்ல நெனவில்லாம கெடந்தேன்."

"சொன்னவங்க பாத்தாங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியலம்மா. இத்தன வருஷமா மனசுல வெச்சுக்கிட்டு இருந்தேன். இந்தப் பக்கம் வேலைக்கு வந்துட்டு, சொல்லாமப் போனாப் பாவம்னு தோணுச்சு."

அக்காள் சட்டியிலிருந்து எடுத்தவற்றை ஒரு தட்டில் வைத்து அவர் முன் தள்ளினார். அவர் ஒன்றைக் கையில் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவர் தயங்கியது எங்களுக்குப் புரிந்தது. சாவுச் சேதி சொல்லிய வீட்டில் எண்ணெய்ப் பண்டத்தை எப்படித் தின்பது?

"சாப்பிடுங்க, ஆறிடும்."

"இல்லம்மா, இந்த நேரத்துல..."

"எந்த நேரத்துல? சாவு வீட்டுல எண்ணெய்ச் சட்டி வெப்பாங்களா? அடுப்பப் பாருங்க. சட்டி இருக்குதில்ல? சாப்பிடுங்க."

அவர் அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். மென்று விழுங்க அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

"நல்லாருக்கும்மா" என்றார்.

"மாவு மெல்லிசா இருக்கணும். கெட்டியா இருந்தா அவருக்குப் பிடிக்காது" என்றார் அக்காள்.

அவர் போன பிறகு, கரைத்த மாவு தீரும்வரை அக்காள் சுட்டுக்கொண்டே இருந்தார். எங்களுக்குக் கொடுத்தார். லயத்துக்கும் அனுப்பினார். அன்று அக்காள் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை. அலுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த சம்பள ஞாயிற்றிலும் அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பின் நான் கவனிக்கத் தொடங்கினேன். சட்டி மாதம் தவறாமல் அடுப்பில் ஏறிற்று. நெற்றியில் குங்குமம் மாறவில்லை. அந்த மனிதர் வந்துபோன நாளிலிருந்து, எண்ணெயில் பொரித்த எதையும் அக்காள் வாயில் வைத்து நான் பார்க்கவில்லை. தீபாவளிக்கு என் மனைவி கொண்டுபோன முறுக்கையும் வாங்கிப் பானையில் வைத்துவிட்டு, பிள்ளைகள் வந்தால் கொடுப்பதாகச் சொன்னார். இதைப் பற்றி நான் ஒருபோதும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கடைசி ஆண்டில் அக்காளுக்கு இரத்தம் குன்றி, கால் வீங்கி, மூச்சு வாங்கியது. டிரஸர் ஐயா தம்மால் ஆனதெல்லாம் செய்தார். மருந்தை நானே கலந்தேன். அளவில் ஒரு குறையும் வைக்கவில்லை. பலன் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க மறுத்து லயத்து வீட்டிலேயே கிடந்தார். அவருடைய கடைசிச் சம்பள ஞாயிற்றில் எழுந்து அடுப்பண்டை போகப் பார்த்தார். இரண்டடிகூட வைக்க முடியவில்லை. என் மனைவிதான் சட்டியை வைத்தாள். அக்காள் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெயின் சத்தத்தைக் கேட்டே சொல்லிக்கொடுத்தார்.

"இன்னும் இரைச்சலா இருக்கு, எடுக்காத. அடங்கட்டும். இப்பத் திருப்பு... ம், எடுத்துரு."

என் மனைவி ஒன்றைப் பிட்டு ஆறவைத்துக் கொண்டுபோனாள். "வாய்க்கு ருசியா ஒண்ணே ஒண்ணு, அண்ணி."

"வேண்டாம்மா. நான் சாப்பிடுறதில்ல."

"ஏன் அண்ணி?"

"தம்பிக்குத் தெரியும்" என்றார் அக்காள்.

அதைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அடுத்த சம்பளம் வருமுன் அக்காள் போய்விட்டார்.

குளிப்பாட்டி, சேலை சாற்றிய பிறகு, குங்குமத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். பொட்டும் பூவும் வைத்துச் சுமங்கலியாக அனுப்புவதா, வெறும் நெற்றியோடு அனுப்புவதா என்று யாருக்கும் தெரியவில்லை.

கங்காணியம்மாள் அழுதுகொண்டே சொன்னார்: "பொட்டு வெச்சா புருஷன் இருக்கான்னு அர்த்தம். எங்க இருக்கான்? யாராவது காட்டுங்க, நானே வெக்கிறேன்."

பக்கத்து வீட்டு அம்மாள் விடவில்லை. "வெக்காம அனுப்பிச்சா செத்துட்டான்னு அர்த்தம். நீங்க பாத்தீங்களா?"

அக்காள் கேட்கும் அதே கேள்வி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காளின் நெற்றி ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது. எண்ணெய்ப் பண்டம் தொடாத வாய் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டையும் அறிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். ஊருக்குத் தெரியும்படி அவர் எப்படி இருந்தாரோ அப்படியே அனுப்புவது என்று முடிவு செய்தேன். குங்குமம் வைக்கச் சொன்னேன். கங்காணியம்மாளே வைத்தார். நான் செய்தது சரியா என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை. இனித் தெரியும் என்றும் தோன்றவில்லை.

அக்காள் வீட்டு எண்ணெய்ச் சட்டி காரியம் முடியும்வரை சுவரில் தொங்கிற்று. கருமாதி அன்று அதை இறக்கித் துலக்கி என் மனைவி பஜ்ஜி சுட்டாள். மாவு கெட்டியாகிவிட்டது. தண்ணீர் விட்டுத் திருத்துமுன் முதல் ஈடு முடிந்துவிட்டது. கோட்டுப் போட்ட வாழைக்காயைத்தான் அக்காளுக்குப் படைத்தோம். அப்போது பெரியவர் ஒருவர், பக்கத்தில் அத்தானுக்கும் ஓர் இலை போட்டுவிடலாம் என்றார். உயிரோடு இருப்பவருக்குப் படையல் இலை போடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று யோசித்தேன். இறந்து கிடப்பவரை இத்தனை காலம் பட்டினி போட்டிருந்தால் அது எவ்வளவு பெரிய பாவம் என்றும் யோசித்தேன். ஒரே இலைதான் போட்டேன். இந்தத் திதிக்கும் ஒரே இலைதான். அந்த வீட்டைத் தோட்டம் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது. சட்டி என் வீட்டில் இருக்கிறது. இப்போது சம்பள ஞாயிற்றுக்கிழமைகளில் அதை யாரும் எடுப்பதில்லை.

அக்காளின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட டிரஸர் ஐயாவுக்கும், தூக்கிச் சுமந்த லயத்து ஆண்களுக்கும், குங்குமம் வைத்த கங்காணியம்மாளுக்கும், அக்காளின் கேள்வியைத் தாம் கேட்ட பக்கத்து வீட்டு அம்மாளுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காஹாங்கிலிருந்து சேதி கொண்டுவந்தவர் இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று தெரியவில்லை. அன்று அந்தப் பஜ்ஜியை வாங்கிச் சாப்பிட்டதற்காக அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று. இந்த மலர் கைமாறிக் கைமாறி, அந்தக் காலத்தில் காஹாங் புதுக்காட்டில் வேலை செய்த யாரிடமாவது போய்ச் சேரலாம். அத்தானைப் பற்றிக் கண்ணால் பார்த்த ஏதாவது ஒன்று தெரிந்தால், தோட்ட ஆஸ்பத்திரிக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். அடுத்த திதிக்கு எத்தனை இலை போடுவது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதைக் கேட்டு மனம் ஒடிந்து போகிறவர் இப்போது எங்கள் வீட்டில் யாரும் இல்லை.